மூடிக்குள் ஒட்டிய மூன்று பெயர்கள்

1

போன திங்கட்கிழமை காலை, டென்மார்க்கின் இந்தச் சிறு பட்டணத்தில் நான் வேலை செய்யும் தொழிற்பள்ளியில், பிரேயா என்ற பத்தொன்பது வயது மாணவி என் மேசையில் ஒரு பெட்டியைத் தொப்பென்று வைத்தாள். தக்காளிக் கொட்டிலுக்குத் தானாகவே தண்ணீர் விடுகிற கருவி. அவளுடைய குழு ஆறு கிழமையாகச் செய்தது.

"இதில் என்னுடைய பெயர் எங்கே, ராஜ்?" என்று கேட்டாள்.

ராஜேந்திரன் என்கிற நான் இங்கே எல்லோருக்கும் ராஜ்தான். அதிபரும் ராஜ் என்பார், பதினாறு வயதுப் பிள்ளையும் ராஜ் என்னும். முதல் இரண்டு வருஷம் அது காதில் குத்தியது. இப்போது யாராவது "சேர்" என்று கூப்பிட்டால்தான் நெஞ்சு திடுக்கிடுகிறது.

"குழு மூன்று என்று எழுதியிருக்கிறதே" என்றேன்.

"குழு மூன்று வயர்களைச் சோல்டர் வைத்து ஒட்டவில்லை. நான் ஒட்டினேன். காஸ்பர் ஆறு கிழமையில் இரண்டே நாள்தான் வந்தான். அவனுக்கும் எனக்கும் ஒரே புள்ளியா?"

அவள் கேட்டது நியாயம். இந்த நாட்டில் பிள்ளைகள் எதையும் செயற்திட்டமாகச் செய்துதான் படிக்கிறார்கள். குழுவில் யார் எதைச் செய்தார் என்று பெயரோடு எழுதிப் பெட்டியில் ஒட்டுவது எல்லாப் பட்டறையிலும் வழக்கம். என் பட்டறையில் மட்டும் ஒன்பது வருஷமாகப் பெயர் கிடையாது, இலக்கம்தான். முதல் வருஷம் மறந்துவிட்டேன் என்று சமாளித்தேன். பிறகு "குழு உணர்வு" என்று ஒரு சொல்லைக் கண்டுபிடித்தேன். டேனிஷ்காரருக்கு அந்தச் சொல் பிடித்துப்போயிற்று, எனக்கும் வசதியாயிற்று.

பிரேயாவுக்குப் பிடிக்கவில்லை. நேரே அதிபரிடம் போனாள். அதிபர் ஹன்னெ என்னைக் கூப்பிட்டு, வெள்ளிக்கிழமைக்குள் பெயர்களை எழுத வையுங்கள், அல்லது ஏன் முடியாது என்று எங்களுக்கு விளக்கம் தாருங்கள் என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். இந்த ஊர்க்காரர் கோபமில்லாமல் சொன்னால்தான் பயப்பட வேண்டும்.

அன்று பின்னேரம் பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போது தொலைபேசி அடித்தது. இலங்கை இலக்கம். கிரான் என்கிற ஊரிலிருந்து பூமணி அக்கா.

"சேர், இந்த மாசம் முடியிறதுக்குள்ள குடுக்கணுமாம். இல்லாட்டி பைல மூடிருவாங்களாம். எழுதிட்டீங்களா?"

"எழுதிக்கொண்டிருக்கன் அக்கா."

"போன வருசமும் அதத்தான் சொன்னீங்க."

ஒரே நாளில் இரண்டு பெண்கள் என்னிடம் நியாயம் கேட்டார்கள், இரண்டு பேரிடமும் நான் மழுப்பினேன். பூமணி அக்கா கேட்பது ஒரு கடிதம். அவருடைய மகன் சுதாகரன் என்னுடைய மாணவன். சுனாமிக்குப் பிறகு வந்த முதல் மாரி மழைக்காலத்தில், ஒரு மத்தியானம் என் வகுப்பிலிருந்து வீட்டுக்கு வெளிக்கிட்டவன் வீடு போய்ச் சேரவில்லை. அவன் எங்கள் பயிற்சி நிலையத்தில் படித்தான், அன்றைக்கு அங்கே அவனைத் தேடி ஆட்கள் வந்தார்கள் என்பதற்குச் சாட்சி வேண்டும் என்று காணாமற்போனவர்களைப் பற்றி விசாரிக்கிறவர்கள் கேட்கிறார்கள். அதற்கு ஒரு துண்டுக் கடதாசியும் இல்லை. அந்த ஆட்களோடு நேரே பேசியவர்களில் உயிரோடு இருக்கிறவனும் நான் ஒருவன்தான். அந்த ஒரு கடிதத்தை எழுதாமல் வருஷக்கணக்காக இழுத்தடிக்கிறேன். ஏன் என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

2

எங்கள் பயிற்சி நிலையம் வாவிக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு மணல் துண்டில் இருந்தது. அங்கே நான் மின்னியல் செய்முறை வகுப்பு நடத்தினேன். நடத்தினேன் என்று வாய் கூசாமல் சொல்கிறேன், உண்மையில் அங்கே ஒருவரும் ஒன்றும் செய்யவில்லை. முந்திய அணி செய்முறை எழுதிய ரெக்கோட் கொப்பி அடுத்த அணிக்கு வந்துவிடும். அளவுகள் எல்லாம் அதில் அழகாக இருக்கும். பிள்ளைகள் மீற்றரைத் தொட முன்னமே விடையை எழுதிவிட்டு, கன்ரீனுக்கு எப்போது போகலாம் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒருநாள் மீற்றருக்குள் பற்றரியே இல்லை. ஆனாலும் அத்தனை பேரும் சரியான விடை எழுதியிருந்தார்கள், நானும் சரி போட்டுக் கையெழுத்து வைத்தேன். வெட்கக்கேடு!

பிறகு கடல் வந்தது. விடுமுறை நாள், கட்டிடத்தில் ஆளில்லை. மேசை, மீற்றர், மோட்டர் எல்லாம் போயின. ரெக்கோட் கொப்பிகளும் போயின. அணியில் மூன்று பிள்ளைகளும் அவரவர் வீடுகளில் இருந்தபடியே போனார்கள். அவர்களைப் பற்றி எழுத எனக்கு இன்றைக்கும் கை வராது. சில மாதம் கழித்துத் தகரக் கொட்டகையில் வகுப்புத் தொடங்கியபோது, பார்த்து எழுத ஒரு கொப்பியும் மிச்சமில்லை என்பதைப் பிள்ளைகள்தான் முதலில் கண்டுபிடித்தார்கள்.

"சேர், இப்ப என்னத்தப் பாத்து எழுதுற?" என்று பின்வரிசையிலிருந்து ஒருவன் கேட்டான். வகுப்பு சிரித்தது. அந்த நாட்களில் ஒரு வகுப்பு சிரிப்பதே பெரிய காரியம்.

கேட்டவன் சுதாகரன். கிரானில் வேளாண்மைக் குடும்பம். தகப்பன் இல்லை, பூமணி அக்காதான் வயல் வட்டையையும் பார்த்து அவனையும் படிப்பித்தார். நான் முன்கோபக்காரன், அந்த வயதில் இன்னும் மோசம். "பாத்து எழுத ஒண்டுமில்லாட்டி செய்து எழுதுங்கடா!" என்று கத்தினேன். கத்திய பிறகுதான் அதில் விஷயம் இருப்பது எனக்கே பிடிபட்டது.

அடுத்த கிழமை பழைய பரிசோதனைகளை எல்லாம் நிறுத்தினேன். மூன்று மூன்று பேராகப் பிரியுங்கள், உங்கள் ஊரில் உள்ள ஒரு கரைச்சலைக் கண்டுபிடியுங்கள், மின்சாரத்தால் அதைத் தீர்க்கிற ஒரு சாமானைச் செய்துகொண்டு வாருங்கள், தவணை முடியும்வரை அதுதான் வகுப்பு என்றேன். அதிபர் தலையைச் சொறிந்தார், ஆனால் தடுக்கவில்லை. நான் போட்டது ஒரே ஒரு சட்டம். யார் எந்த வேலையைச் செய்தார் என்று அவரவர் கையெழுத்தில், ஊரும் பேரும் போட்டு, பெட்டியின் மூடிக்குள் ஒட்ட வேண்டும். பெயர் இல்லாத வேலைக்குப் புள்ளி இல்லை. பார்த்தெழுதும் வியாதியை ஒழிக்க அதுதான் மருந்து என்று நம்பினேன். கடதாசியின் அடியில் என் கையொப்பமும் இருக்கும்.

3

சுதாகரனோடு சேர்ந்தவர்கள் இரண்டு பேர். ஏறாவூர் றிஸ்வான், தகப்பன் வாவியில் தோணி வைத்து இறால் பிடிக்கிறவர். களுதாவளை வதனி, அணியிலேயே கணக்கில் கெட்டிக்காரி. இவர்கள் எடுத்துக்கொண்டது வாவியின் தண்ணீர் மட்டம்.

மாரியில் வாவி நிரம்பும்போது கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கிற மணல் மேட்டை வெட்டிவிட்டால் வெள்ளம் கடலுக்கு ஓடும். அதை ஆற்றுவாய் வெட்டுவது என்போம். பிந்தி வெட்டினால் வயல் மூழ்கும், முந்தி வெட்டினால் இறால் கடலோடு போய்விடும். எப்போது வெட்டுவது என்று ஒவ்வொரு மாரியும் சண்டைதான். இவர்கள் ஒரு குழாயைத் தண்ணீரில் நட்டு, அதற்குள் ஒரு மிதவையை விட்டு, மட்டம் ஏறினால் மிதவை சுவிட்சைத் தள்ளி மணி அடிக்கிற மாதிரி ஒன்றைச் செய்யத் தொடங்கினார்கள். தோணி போகும்போது எழும்புகிற அலைக்கெல்லாம் மணி அடிக்கக் கூடாது என்பதற்காக ஒரு டைமர். மிதவை பத்து நிமிஷம் மேலேயே நின்றால்தான் மணி.

மணி எந்த மட்டத்தில் அடிக்க வேண்டும் என்பதில் பெரிய சண்டை வந்தது.

"நீ சொல்லுற மட்டத்துக்குத் தண்ணி வந்தா எங்கட வட்டை தண்ணிக்குள்ள தாண்டு மூணு நாளாகிரிக்கும். கீழ வை" என்றான் சுதாகரன்.

"கீழ வெச்சா மழ தூறினாலே மணி அடிக்கும் மச்சான். ஆத்துவாய வெட்டிருவாங்க. எங்கட வாப்பாட இறாலெல்லாம் கடலுக்குப் போயிரும். நீ சோறு திம்பாய், நாங்க மண்ணத் திங்கிறதா?"

"உங்கட இறாலுக்கு நீந்தத் தெரியும். எங்கட நெல்லுக்குத் தெரியாதே!"

"ரெண்டு பேரும் வாய மூடுங்க" என்றாள் வதனி. "ரெண்டு மட்டம் வைப்பம். முதல் மணி அடிச்சா ரெண்டு பக்கத்தாரும் வந்து பேசட்டும். ரெண்டாவது மணி அடிச்சா வெட்டட்டும்."

நான் மூலையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு உடம்பு சிலிர்த்தது, பொய் சொல்லவில்லை. ஒரு வருஷத்துக்கு முன் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகள்! கன்ரீனை மறந்தார்கள், சனிக்கிழமையும் வந்தார்கள், மீனவர்களிடம் போய்ப் போன மாரியில் தண்ணீர் எவ்வளவு ஏறியது என்று கேட்டு எழுதினார்கள். டைமரைச் சுதாகரன் தன் பொறுப்பில் எடுத்தான். மூன்றை எரித்துப் பாழாக்கி நாலாவதைச் சரியாக்கினான். நானும் ஊரெல்லாம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

பொருத்துவதற்கு முதல் நாள் வதனி என்னிடம் தனியாக வந்தாள். "சேர், குழாய், பற்றரி, வயர், டைமர்... காலம் இரிக்கிற இரிப்புக்கு இத வெளியில கொண்டு வைக்கப் பயமா இரிக்கி, குண்டெண்டு நினைச்சிருவாங்க."

"கிராம சேவகர்ட கடிதம் இருக்கு, சீலும் அடிச்சிருக்கு. என்ன பயம்?" என்று சிரித்தேன்.

பக்கத்து இராணுவ முகாமிலும் சொல்லியிருக்க வேண்டும். எனக்குத் தெரியாமலில்லை. அங்கே போனால் ஆயிரம் கேள்வி வரும், என் பெயரை எழுதுவார்கள் என்று போகாமல் விட்டேன். பிள்ளைகளின் பெயரை எழுதி ஒட்டச் சொன்ன அதே ஆள்தான் நான். உடைந்த இறங்குதுறைக்கு அடியில் புதன்கிழமை பெட்டியைப் பொருத்தினோம். வியாழக்கிழமை விடிய முன்னமே பெருமழை தொடங்கியது.

4

மறுபடி இங்கே. இந்தப் புதன்கிழமை பின்னேரம் என் மகள் அபியிடம் கடிதத்தைத் தட்டச்சுச் செய்து தரச் சொன்னேன். ஆங்கிலத்தில் வேண்டுமாம். என்னுடைய ஆங்கிலம் டேனிஷ் படித்ததோடு கெட்டுப்போயிற்று. டேனிஷும் ஒழுங்காக வந்து சேரவில்லை. அபி கைக்குழந்தையாக இங்கே வந்தவள். நித்திரையில் புலம்புவதும் டேனிஷில்தான். தமிழ் என்பது என்னிடம் எதையாவது கேட்டு வாங்குவதற்கு அவள் வைத்திருக்கிற மொழி. ஆனால் அன்று உடனே வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, புதுசா ஏன் யோசிக்கிறீங்க? எல்லாம் இதில இருக்குத்தானே" என்று அலுமாரியிலிருந்து ஒரு கோப்பை எடுத்தாள். என்னுடைய அகதி விசாரணையின் பதிவு. இந்தக் கோப்பு அவளுக்குப் புதிதில்லை. பள்ளிக்கூடத்தில் "என் குடும்பத்தில் துணிச்சலானவர்" என்று பேச வேண்டி வந்தபோது இதை வைத்துத்தான் பேசினாள்.

டேனிஷில் வாசித்தாள். மழையில் கடதாசியின் மை கரைந்திருந்ததாக விண்ணப்பதாரர் சொல்கிறார். பெயரை வாசிக்கும்படி அவரைக் கேட்டார்கள். தன்னாலும் வாசிக்க முடியவில்லை என்று அவர் மறுத்துவிட்டார்.

"இந்த இடம்தான் எனக்கு எப்பவும் பிடிச்ச இடம்" என்றாள்.

நான் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைக்கிறேன் என்று குசினிக்குள் போய்விட்டேன்.

அந்த இடம் பொய். போர் முடிந்த வருஷம் அது. டென்மார்க்கில் நாங்கள் இருந்த அகதி முகாமின் பொது மண்டபத்தில் தொலைக்காட்சியைப் பார்த்து ஆட்கள் நிலத்தில் விழுந்து கத்தினார்கள். அதற்கு அடுத்த நாள் காலை எனக்கு விசாரணை. எதிர்த்து நின்றேன் என்று சொன்னால்தான் நம்புவான், பணிந்தேன் என்றால் திருப்பி அனுப்பிவிடுவான் என்று முகாமில் பழம் தின்று கொட்டை போட்ட ஒருவர் சொல்லியிருந்தார். மனைவி பிள்ளையோடு வாசலில் காத்திருந்தாள். நான் அந்த வசனத்தைச் சொன்னேன், மொழிபெயர்ப்பாளர் மொழிபெயர்த்தார், அதிகாரி எழுதினார். எங்களுக்கு இருக்க அனுமதி கிடைத்தது.

இந்த வீடு, என் வேலை, அபியின் படிப்பு எல்லாம் அந்த ஒரு வசனத்தின் மேல் நிற்கிறது. பூமணி அக்காவுக்கு உண்மையை எழுதினால் இரண்டு நாட்டுக் கோப்புகளில் நான் இரண்டு விதமாகச் சொன்னதாகும். பொய் சொல்லி வாங்கிய குடியுரிமையை எத்தனை வருஷம் கழித்தும் பறிப்பார்கள் என்று இங்கே கதைக்கிறார்கள். உண்மையா என்று யாரிடமும் கேட்கவும் பயம். இங்கே எழுதிய மாதிரியே அங்கேயும் எழுதினால் எனக்கு ஒரு கரைச்சலும் இல்லை. ஆனால் பேரையே அறியாதவர்கள் அவனை எப்படித் தேடிப் பிடித்தார்கள் என்று விசாரிக்கிறவன் கேட்பான். அக்காவின் கோப்பு அதே இடத்தில் செத்துப்போகும்.

5

பெட்டியைப் பொருத்திய அந்தக் கிழமை, வெள்ளிக்கிழமை பத்துப் பதினொரு மணி இருக்கும். பயிற்சி நிலையத்துக்கு நாலு பேர் வந்தார்கள், சாதாரண உடுப்புத்தான். அதிபரின் அறைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். அந்த அதிபர் இப்போது உயிரோடு இல்லை. மேசையில் அவர்கள் கழற்றிக் கொண்டுவந்த பெட்டியின் மூடி மட்டும் மல்லாக்கக் கிடந்தது. உள்ளே அந்தப் பெயர்க் கடதாசி. மழை உள்ளே இறங்கியிருந்தது. றிஸ்வானின் வரியும் வதனியின் வரியும் வெறும் நீலக் கறை. என் கையொப்பம் அரைகுறை. "டைமர்" என்ற சொல் மட்டும் தெரிந்தது. அதற்குப் பக்கத்தில் இருந்ததை, எழுதியவனின் கையெழுத்துப் பழகாத ஒருவரால் வாசிக்க முடியாது.

நான் படபடவென்று எல்லாம் சொன்னேன். மாணவர் வேலை, வெள்ளம், ஆற்றுவாய், இறால். கிராம சேவகரின் கடிதத்தை எடுத்து நீட்டினேன். அவர்களில் ஒருவர் சீலைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வைத்தார்.

"அதெல்லாம் விளங்குது சேர்" என்றார், நல்ல தமிழில். "இதில என்ன எழுதியிருக்கு?"

யாரும் என்னை அடிக்கவில்லை. துவக்கு நீட்டவில்லை. வகுப்பில் ஒரு பிள்ளை கேட்கிற மாதிரித்தான் அந்த ஆள் விரலை வைத்துக் கேட்டார். எத்தனை வருஷமாக எத்தனை கோழிக் கிறுக்கலைத் திருத்தியவன் நான்! கிறுக்கலைக் கண்டால் வாசிக்கிறது என் தொழில். குனிந்து பார்த்தேன், வாசித்தேன். "டைமர், சி. சுதாகரன், கிரான்."

வாசித்து முடித்த பிறகுதான் என் குரல் எனக்கே கேட்டது. அவர் அதை எழுதிக்கொண்டார். நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள்.

பட்டறைக்கு ஓடினேன். சுதாகரன் இரண்டாவது மணிக்கு வயர் வெட்டிக்கொண்டிருந்தான்.

"எழும்பு. இப்பவே வீட்ட போ. கிரான் பஸ்ஸப் பிடி."

"ஏன் சேர்? இன்னும் கொஞ்சம்தான், இத முடிச்சிட்டு..."

"போடா எண்டாப் போ!"

அவன் முணுமுணுத்துக்கொண்டு பையைத் தூக்கினான். மடையன் நான், படுமடையன். அவனுடைய ஊரையும் சேர்த்து வாசித்துக் கொடுத்துவிட்டு, அதே ஊருக்குப் போகிற பஸ்ஸில் அவனை ஏற்றிவிட்டேன். களுதாவளைக்குப் போ, ஏறாவூருக்குப் போ, என் வீட்டில் கிட என்று ஏன் சொல்லவில்லை? இத்தனை வருஷமாக அதைத்தான் என்னையே கேட்கிறேன்.

அடுத்த நாள், அவன் வீடு போய்ச் சேரவில்லை என்று தெரிந்ததும், எல்லாக் குழுக்களின் கடதாசிகளையும் எரித்தேன். பிள்ளைகளின் வரவைக் குறிக்கிற இடாப்பையும் எரித்தேன். றிஸ்வானும் வதனியும் மற்றப் பிள்ளைகளும் தப்ப வேண்டுமே. அது சரியான காரியம் என்று இன்றைக்கும் சொல்வேன். ஆனால் சுதாகரன் எங்கள் மாணவன் என்று காட்ட இருந்த கடைசிக் கடதாசியும் அதோடு போயிற்று. சில நாள் கழித்துப் பூமணி அக்கா இடாப்பின் பிரதி கேட்டு வந்தபோது, "மழை வெள்ளத்தில எல்லாம் போயிட்டு அக்கா" என்றேன். அந்த நாட்களில் எங்கள் பக்கத்தில் யாருடைய கடதாசிதான் தண்ணீரில் போகவில்லை? அவர் நம்பினார். எனக்கு முன்னால் இருந்த மர வாங்கில் உட்கார்ந்து கொஞ்சம் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

6

இந்த வெள்ளிக்கிழமை அதிபர் ஹன்னெயின் அறையில் கோப்பியும் பிஸ்கற்றும் வைத்திருந்தார்கள். பிரேயாவும் இருந்தாள். எனக்குத் தெரிந்த டேனிஷில் சொன்னேன். என் நாட்டில், போர்க்காலத்தில், என் வகுப்பில் செய்த ஒரு பெட்டியில் பெயர் ஒட்டியிருந்தோம், அதனால் ஒரு மாணவனைக் கொண்டுபோனார்கள், அதனால்தான் நான் பெயர் எழுத விடுவதில்லை.

ஹன்னெ என் கையைப் பிடித்தார். வேண்டாம், இந்த விஷயத்தை விட்டுவிடுவோம் என்றார். நானும் அப்பாடா என்று மூச்சு விட்டேன்.

பிரேயா விடவில்லை. கண் கலங்கியிருந்தது, ஆனால் நாடி நிமிர்ந்துதான் இருந்தது. "எனக்கு மிகவும் கவலையாக இருக்கிறது, ராஜ். ஆனால் அந்தப் பையனின் பெயரை நீங்கள் இப்போதும் சொல்லவில்லையே. அவன் என்ன செய்தான் என்றும் சொல்லவில்லை. இங்கே யாரும் யாரையும் கொண்டுபோக மாட்டார்கள். நான் செய்ததில் என் பெயர் வேண்டும்."

ஹன்னெ அவளை அதட்டப் பார்த்தார். நான் தடுத்தேன். கடதாசியை எடுத்துக் கொடுத்தேன். பிரேயா தன் முழுப் பெயரையும் பெரிய எழுத்தில் எழுதிக் கீழே கோடும் போட்டாள். நான் பையைத் தேடுகிற மாதிரிக் குனிந்துகொண்டேன்.

பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது. இங்கேயும் நான் முழுக்கச் சொல்லவில்லை. பெயர் ஒட்டியிருந்தது, கொண்டுபோனார்கள் என்றேன். நடுவில் நான் வாசித்ததை மறுபடியும் விழுங்கிவிட்டேன். இனி எத்தனை பேருக்கு எத்தனை மொழியில் இதை அரைவாசியாகச் சொல்லிக்கொண்டு திரிவேன் என்று நினைக்க என் மேலேயே எனக்கு அருவருப்பு வந்தது.

7

சனிக்கிழமை காலை. அங்கே மத்தியானம் திரும்பியிருக்கும். மனைவி முதியோர் இல்லத்தில் வேலைக்குப் போய்விட்டாள். சாப்பாட்டு மேசையில் அபி கணினியோடு உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் அந்தக் கோப்பு. நான் பூமணி அக்காவுக்குத் தொலைபேசி எடுத்து, சத்தத்தை வெளியே விட்டேன். அபியும் கேட்கட்டும் என்றுதான். தனியாக இரண்டு தரம் சொல்ல எனக்குத் தைரியம் போதாது.

"அக்கா, எழுத முன்னம் உங்களிட்ட ஒண்டு சொல்லணும்."

"சொல்லுங்க சேர்."

"அந்தப் பேரை நான்தான் வாசிச்சுக் குடுத்தன். அவங்களால வாசிக்க ஏலாமப் போச்சு. எழுத்துக் கரைஞ்சிருந்தது. நான் வாசிச்சன். ஊரையும் வாசிச்சன்."

அபி கணினியிலிருந்து கையை எடுத்தாள்.

"மறுகா?" என்றார் பூமணி அக்கா, பிறகென்ன என்கிற மாதிரி. குரலில் ஒன்றுமே இல்லை.

"பிறகு நான்தான் அவன வீட்ட போகச் சொல்லி அனுப்பினன். அவன் மாட்டன் எண்டவன். நான் ஏசி அனுப்பினன். இடாப்பு வெள்ளத்தில போகல்ல அக்கா. நான்தான் எரிச்சன்."

மேசையில் தலையை வைத்து அழுதேன். ஐம்பது வயது கடந்த மனிதன், மகளுக்கு முன்னால், ஏங்கி ஏங்கி.

"சேர்" என்றார் அக்கா. "சேர், நிப்பாட்டுங்க. உங்கட அழுகையக் கேக்க நான் வருசா வருசம் கோல் எடுக்கல்ல. நான் அழுதது உங்களுக்குக் கேட்டதா இவ்வளவு காலமும்?"

"இல்ல அக்கா."

"இப்ப சொன்னதெல்லாம் எழுதுவீங்களா?"

"எழுதுறன்."

"உங்கட பேரப் போட்டு?"

"என்ட பேரப் போட்டு."

அபி கோப்பில் விரலை வைத்தாள். "அப்ப இது?" என்று மெல்லக் கேட்டாள்.

"அது பொய், அபி."

அவள் என்னைப் பார்க்கவில்லை. கோப்பை மூடி மேசையின் மற்றப் பக்கம் தள்ளினாள். எழும்பிப் போகப்போகிறாள் என்று நினைத்தேன். போகவில்லை. வெறுமையாக இருந்த திரையைப் பார்த்தபடி, "சொல்லுங்க, அடிக்கிறன்" என்றாள். அந்தக் குரலில் மன்னிப்பு இருந்தது என்று சொன்னால் அது நான் சொல்லும் இன்னொரு பொய்யாகும்.

எந்த வசனத்தில் தொடங்குவது என்று தெரியவில்லை. மறுமுனையில் பூமணி அக்கா இன்னும் வைக்காமல் இருந்தார்.

"சேர், இன்னொண்டு" என்றார் கடைசியில். "அவன் செய்தானே ஒரு சாமான். அந்த மாசம் முழுக்க வீட்டில அதே கததான். சோத்துக் கோப்பைக்குள்ள தண்ணிய ஊத்தி, சிரட்டக் கரண்டிய மிதக்க விட்டு விட்டுக் காட்டுவான். எனக்கு ஒண்டும் விளங்குறல்ல, போடா எண்டு ஏசிருவன். மறுகா கேக்க ஒருத்தருமில்ல. அது வேல செய்ததா சேர்?"

வியாழக்கிழமை மத்தியானம் மழைக்குள் நானும் அவனும் அந்த உடைந்த இறங்குதுறையில் நின்றதை அவருக்குச் சொன்னேன். வாவி ஏறிக்கொண்டே வந்ததையும், மிதவை மேலே வந்து நின்றதும் அவன் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து நிமிஷம் நிமிஷமாக எண்ணியதையும், சரியாகப் பத்தாவது நிமிஷம் மணி அடித்தபோது தோணிகளில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்ததையும் சொன்னேன். அவன் சேர் சேர் என்று கத்தி என் தோளில் குத்தியதையும் சொன்னேன்.

"வேலை செய்தது அக்கா. ஒரு நிமிசம் கூடப் பிந்தல்ல."

அழுகிறாரோ என்று பயந்தேன். அழவில்லை.

"அப்ப அத முதல்ல எழுதுங்க சேர்" என்றார். "மத்ததெல்லாம் அதுக்குக் கீழ எழுதுங்க."